பூனையின் குற்றமா, பூட்டி வைத்தவரின் குற்றமா?



கல்லாவில் ஐந்து வெள்ளி குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? அனுபவமுள்ள முதலாளி உடனே கடைப்பையனின் சட்டைப்பையைத் தடவமாட்டார். முதலில் சிட்டையைப் பார்ப்பார். சில்லறை கொடுத்ததில் பிசகா, கடன் கொடுத்ததை எழுத மறந்தோமா என்று விசாரிப்பார். ஆளைப் பழிப்பது கடைசியில்தான். மனிதரிடத்தில் காட்டும் இந்த நிதானத்தை வாயற்ற ஜீவனிடத்திலும் காட்ட நாம் கடமைப்பட்டிருக்கிறோமா? இதுவே இன்று சிந்திக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

நமக்கும் பூனைக்கும் உள்ள உறவு பழையது. அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் அடுக்கிய கடைகளில் எலியை விரட்டும் சம்பளமில்லாத சிப்பந்தியாக இருந்தது பூனை. நபித் தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயர் ‘பூனைக்குட்டியின் தந்தை’ என்று பொருள்படுவதை யாவரும் அறிவோம். கடைப் பூனை உள்ளே உண்டு, பின்சந்து மண்ணில் தன் காரியத்தை முடித்துக்கொள்ளும். எங்கே போனது என்று எவரும் கேட்டதில்லை.

இன்று நிலைமை வேறு. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல், உரிமம் பெற்று ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றாயிற்று. மாடிவீட்டுப் பூனை மண்ணை மிதிப்பதில்லை. கதவு சாத்தியிருக்கிறது, கீழே விழாதிருக்கச் சன்னலுக்கு வலை அடித்திருக்கிறது. அது போகவேண்டிய இடத்தை நாமே ஒரு தட்டில் மணல் பரப்பி வைக்கிறோம். அந்தத் தட்டை விட்டுவிட்டு அது தொழுகை விரிப்பில் போய்விட்டால்? பூனை வாய் வைத்த நீரை நம் மார்க்கம் நஜீஸ் என்று தள்ளவில்லை. ஆனால் அதன் சிறுநீர் பட்ட விரிப்பில் தொழ முடியாது. அப்போதுதான் வீட்டில் வழக்கு ஆரம்பமாகிறது. ‘வேண்டுமென்றே செய்கிறது’ என்று தீர்ப்பும் உடனே பிறக்கிறது.

என் வீட்டிலும் அந்த வழக்கு நடந்தது. நீதிபதி நான்தான். பழைய கடையை மூடியபோது வீட்டுக்குக் கொண்டுவந்த ஆண்பூனை, மூன்று நாளில் இருமுறை என் முஸல்லாவை நனைத்தது. அதட்டினேன். கழுத்தைப் பிடித்து அதன் முகத்தை விரிப்பில் அழுத்தினேன். நான்காம் நாள் சந்தைப் பக்கம் விட்டுவிடுவதென்று கூடையும் எடுத்தேன். மகள்தான் தடுத்தாள். “அத்தா, அது தட்டுக்கும் போகுது. குந்தி முக்குது, கத்துது, ஒரு சொட்டுத்தான் வருது” என்றாள். கூடை சந்தைக்குப் போகவில்லை. மிருக வைத்தியரிடம் போயிற்று. சிறுநீர் வழி அடைத்திருந்தது. ஆண்பூனைக்கு இவ்வடைப்பு ஓரிரு நாளில் உயிரையே கொண்டுபோய்விடும் என்றார். குழாய் செருகி அடைப்பை நீக்கினார்கள், பிழைத்தது. நோயாளியைத்தான் நான் குற்றவாளியென்று தீர்த்திருக்கிறேன்!

வைத்தியர் அத்துடன் விடவில்லை. “தட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில். இயந்திரம் உறுமும்போது அங்கே குந்த எந்தப் பூனைக்கு மனம் வரும்? எங்கள் தட்டு சிறியது, மூடியிட்டது, வாசனை போட்ட மணல் நிரப்பியது. வாசனை எங்கள் மூக்குக்கு. பூனையின் மூக்குக்கு அது தொல்லை. பயன்படுத்துகிறவரைக் கேளாமல், காசு கொடுக்கிறவரைப் பார்த்து வாங்கிய சரக்கு அது. வியாபாரிகளாகிய நமக்கு இது புரியாத விஷயமன்று.

1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்ற வியாபாரி, பூனைக்கு மணல் கேட்டு வந்த அண்டைவீட்டுப் பெண்மணிக்கு, எண்ணெயை உறிஞ்சத் தாம் விற்றுவந்த களிமண் குருணையைக் கொடுத்தார். அதிலிருந்துதான் இந்தச் சரக்கே பெரிய வியாபாரமாயிற்று. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. மென்மையான மணலைத் தோண்டி மூடுவது அதன் பிறவிக் குணம், யாரும் கற்பித்ததன்று.

ஆகவே செய்யவேண்டியவை சிலவே. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருக்கட்டும். தட்டு பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கவேண்டும். வாசனையில்லாத நுண்ணிய மணலை இட்டு, தினமும் அள்ளவேண்டும். சாப்பாட்டுக்கு அருகிலும் சத்தமான இடத்திலும் வைக்கக்கூடாது. கிழப் பூனைக்கு மூட்டுவலி இருக்கலாம். தாழ்ந்த விளிம்புள்ள தட்டு வேண்டும். நனைந்த இடத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால், அந்த வாடையே மறுபடியும் அதை அங்கே அழைக்கும். என்ஸைம் கலந்த திரவமே ஏற்றது. நின்றபடி வால் தூக்கிச் சுவரில் பீய்ச்சினால் அது வேறு சங்கதி, எல்லை குறிப்பது. கருத்தடை செய்த ஆண்பூனைகளில் பெரும்பாலானவை அதை விட்டுவிடும். அடிப்பதால் ஒரு பயனும் இல்லை. அச்சத்தால் மூத்திரப்பை அழற்சியே கூடும்.

“மனிதரே கஷ்டப்படும் உலகில் பூனைக்கு இத்தனை உபசாரமா?” என்று சிலர் கேட்கலாம். இது உபசாரமன்று, கணக்கு. பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் கேட்டிருக்கிறோம். அவள் உணவும் கொடுக்கவில்லை. அது தானே தேடிக்கொள்ள விடவும் இல்லை. எவர் கதவைச் சாத்துகிறாரோ, உள்ளே இருப்பதன் தேவை முழுவதும் அவர் பேரில் பற்று எழுதப்படுகிறது. அந்தப் பற்றைத் தீர்க்காமல் பூனையைக் குற்றம் சொல்வது, கொள்முதலுக்குப் பணம் தராமல் சரக்கு வரவில்லையே என்று சண்டையிடுவது போலாகும்.

எல்லாம் செய்தும் முடியாத வீடுகள் இருக்கலாம். பொறுப்புள்ள வேறு வீட்டைத் தேடிக் கொடுப்பதில் தவறில்லை. தெருவில் விடுவது சிங்கப்பூரில் சட்டப்படியும் குற்றம். அது கணக்கை முடிப்பதன்று, கணக்கை மறைப்பது.

எங்கள் பூனை இப்போது அமைதியான மூலையில், அகன்ற தட்டில், ஒழுங்காகப் போகிறது. முஸல்லாவின் பக்கம் அது வந்து எத்தனையோ மாதமாயிற்று. ஆனால் நான் கை நீட்டினால் இன்னும் ஒரு கணம் பின்வாங்கிவிட்டுத்தான் வருகிறது. விசாரியாமல் கொடுத்த தீர்ப்பின் மீதி அது. உங்கள் வீட்டில் அந்த மீதி விழாதிருக்கவே இதை எழுதினேன்.

வஸ்ஸலாம்.