மகிழடியிலிருந்து ஆரூர் எவ்வளவு தூரம்?

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறவன் சிங்கப்பூரின் சாங்கியில் இறங்குவதற்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகிறது; இடைப்பட்ட ஆகாய மார்க்கம் சுமார் 2,900 கிலோமீட்டர். எங்கள் திருவொற்றியூர்ப் பெரியவர் ஒருவர், தம் வாலிபத்தில், 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி, நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் தொட்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தவர். முதல் இரண்டு நாள் அழுகை, அப்புறம் பக்கத்துப் பாய்க்காரரோடு பேச்சு, கரை தெரிந்தபோது வேலைக்கு ஆயத்தமாகிவிட்ட மனம் என்பார் அவர். விமானத்தில் போன அவருடைய பேரனோ, ஒரு மாதம் கழிந்தும் உறக்கத்தில் எங்கள் கடலிரைச்சலே கேட்கிறது என்றான்.

தேகம் போய்ச் சேர்வதும் சித்தம் போய்ச் சேர்வதும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு, நான் அறிந்தவரை, மிக ஆழமான விடை எங்கள் ஊர்க் கோயிலிலேயே இருக்கிறது. இங்கே சங்கிலியாரை மணப்பதற்காக, அவரைப் பிரியேன் என்று சபதம் செய்ய வேண்டிவந்த சுந்தரர், தாம் சந்நிதியில் சபதம் செய்யும் வேளையில் இறைவன் மகிழமரத்தடிக்குப் போய்விட வேண்டுமென்று வேண்டிக்கொண்டார். சர்வவியாபியை நாலடி தள்ளி நிற்கச் சொன்னால் வாக்கின் பாரம் குறையும் என்று தம்பிரான் தோழரான அவரே நம்பினார் என்றால், தூரம் மனிதனை எவ்வளவு மயக்குகிறது! இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழடியிலேயே சபதம் கேட்கச் சொல்லிவிட்டான்.

பின்னர் ஆரூர் வசந்த விழாவின் நினைவு வந்து, சபதத்தை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் சுந்தரருக்குப் பார்வை போயிற்று. அக்கணமே கண் கொடுத்திருக்கக் கூடியவன் வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணுமாக அருளைப் பகுத்துப் பகுத்து வழியெல்லாம் வைத்தது ஏன்? சைவ சித்தாந்தம் மலபரிபாகம் என்று ஒன்றைச் சொல்கிறது: அருள் எப்போதும் நிறைந்தே இருக்கிறது, ஆன்மா பக்குவப்படத்தான் காலம் வேண்டியிருக்கிறது. குருடராய் நடந்த அந்த வழி தண்டனை என்பதைவிட அவகாசம் என்றே எனக்குப் படுகிறது.

இதனால் விமானத்தை நான் பழிக்கவில்லை. தாயின் உயிர் பிரிந்த செய்தி கேட்ட மகன் மறுநாளே வந்து கொள்ளி வைக்க முடிவதும் திருவருளே. கப்பற்காலத்தில் கடிதம் கிடைக்குமுன் சாம்பலும் கடலில் கரைந்திருக்கும். அந்தப் பெரியவரின் மனைவி காலமானபோது பேரன் அப்படித்தான் பறந்து வந்தான். மயானத்தில் அவன் கண்ணில் நீர் இல்லை. பதினாறாம் நாள் கருமம் முடிந்து, கடற்கரைக் கருங்கற்களின்மேல் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில்தான் அவன் தேம்பி அழுதான். "இப்பத்தான்டா வந்து சேர்ந்தே" என்றார் அவர்.