மனையா? மதிலா?

அண்ணனைத் தேர்ந்தெடுத்துப் பெற்றவர் உலகில் எவரும் இலர். தேர்வு வைத்துத் தங்கையை அடைந்தவரும் இலர். அழகனோ அழகற்றவனோ, அறிஞனோ அறிவு குறைந்தவனோ, செல்வம் சேர்ப்பவனோ சேர்த்ததைச் செலவழிப்பவனோ, உடன்பிறந்தான் உடன்பிறந்தான்தான். வீட்டில் அவனுக்கு ஓர் இடம் உண்டு; உலையில் அவனுக்கும் அரிசி உண்டு. “இந்த வீட்டுக்கு நீ ஏற்றவன்தானா?” என்று அவனை வாயிற்படியில் நிறுத்தி, உள்ளே இருப்போர் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. அந்தக் கேள்வி எழாத இடத்தில்தான் உடன்பிறப்பு என்ற உறவு வாழ்கிறது.

அந்த உறவின் பெயரைச் சூட்டிக்கொண்டு, அந்தக் கேள்வியையே ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருக்கும் இல்லங்கள் அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் இருக்கின்றன. ஆண்களுடையது பிரட்டர்னிட்டி, பெண்களுடையது சொராரிட்டி. அண்ணன் தம்பியர் கழகம், அக்காள் தங்கையர் கழகம் என்று நம் மொழியில் சொல்லலாம். கிரேக்க எழுத்துகள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பெயர். வெள்ளைத் தூண்களும் விரிந்த முற்றமும் கொண்ட மாளிகை. முப்பது பேர், அறுபது பேர் அங்கே ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கிப் படிப்பார்கள். புதிதாகக் கல்லூரிக்கு வந்த இளைஞர்கள் வீடு வீடாகச் செல்வர். வீட்டார் பார்ப்பர், பேசுவர், எடை போடுவர். பிறகு கதவை மூடிக்கொண்டு கூடி, எவனை அழைப்பது, எவனை விடுப்பது என்று முடிவு செய்வர். ஒரு காலத்தில் இந்த முடிவுக்கு உருண்டைகளைப் பயன்படுத்தினார்கள். வெள்ளை உருண்டை இசைவு. கறுப்பு உருண்டை மறுப்பு. பெட்டியில் ஒரே ஒரு கறுப்பு உருண்டை விழுந்திருந்தாலும் போதும், வந்தவன் திரும்பிப் போக வேண்டியதுதான். போட்டவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. என்ன காரணம் என்பதும் தெரியாது.

இது நமக்குத் தொலைவில் உள்ள நாட்டுச் செய்தி. ஆனால் இதனுள் இருக்கும் கேள்வி எந்த நாட்டாருக்கும் தொலைவானதன்று. நான் யாருடன் வாழ்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டா? உண்டு என்றால், அந்த உரிமை எந்த இடத்தில் முடிகிறது? என் கதவை நான் மூடிக்கொள்வது எப்போது சுதந்திரம், எப்போது கொடுமை?

இந்த மாளிகைகள் எப்படி எழுந்தன என்பதை முதலில் பார்ப்போம்.

1776-ஆம் ஆண்டு டிசம்பரில், வர்ஜீனியா மாநிலத்து வில்லியம் அண்டு மேரி கல்லூரி மாணவர்கள் பை பீட்டா கப்பா என்ற கழகத்தைத் தோற்றுவித்தனர். கிரேக்க எழுத்துப் பெயர் தாங்கிய கழகங்களுக்கு அதுவே மூத்தது. இலக்கியமும் வாதமும் அதன் நோக்கம். மறைவும் சூளுரையும் அதன் முறை. பின்னாளில் அது மறைவைக் கைவிட்டு, கல்வியில் சிறந்தோரைப் பாராட்டும் அமைப்பாயிற்று. மறைவை விடாத கழகங்கள் 1825-க்குப் பின் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் தொடங்கிப் பரவின. அப்போதும் அவற்றுக்கு வீடு கிடையாது. வாடகை அறையில் கூடிக் கலைவார்கள். 1846-இல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கை சை கழகத்தார், ஆன் ஆர்பர் நகரத்துக் காட்டில் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு குடில் கட்டினர். ஆசிரியர்களின் பார்வைக்கு எட்டாத இடத்தில் கூட வேண்டும் என்பதே காரணம். கழகங்களின் முதல் வீடு என்று அதைத்தான் குறிப்பிடுவார்கள்.

குடில் எப்படி மாளிகையாயிற்று? கல்லூரிகளின் கைவிரிப்பினால்! மாணவர் பெருகினர், விடுதிகள் பெருகவில்லை. படிப்பிப்பதே எம் வேலை, படுக்க இடம் தேடுவது மாணவன் பாடு என்று எண்ணிய கல்லூரித் தலைவர்களும் இருந்தனர். அந்த வெற்றிடத்தில் கழகங்கள் நுழைந்தன. படித்து முடித்துப் பொருளீட்டிய பழைய மாணவர்கள் பணம் தந்தனர், நிலம் வாங்கினர், மாளிகை எழுப்பினர். கல்லூரிக்குக் கட்டடச் செலவு மிச்சம். ஆனால் அந்த மிச்சத்துக்கு ஈடாகக் கல்லூரி எதைக் கொடுத்தது? தன் மாணவர்களில் யார் எங்கே தங்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை, இருபது வயது இளைஞர் கூட்டத்திடமும் அவர்களுக்குப் பின்னால் நின்ற பணக்கார முதியோரிடமும் கொடுத்துவிட்டது.

கொடுத்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டது? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், பல கழகங்களின் சட்ட விதிகளிலேயே எழுதிவைத்திருந்தார்கள்: உறுப்பினராக வருபவர் வெள்ளையராக இருக்க வேண்டும், கிறித்துவராக இருக்க வேண்டும். ஆரியக் குருதி உடையவராக இருக்க வேண்டும் என்று எழுதியவர்களும் உண்டு. அண்ணன் தம்பி என்று பெயர். ஆனால் குருதியைச் சோதித்த பிறகுதான் அண்ணன் தம்பி!

1948-இல் மாசசூசெட்சில் உள்ள ஆம்கர்ஸ்ட் கல்லூரியில் ஒரு நிகழ்ச்சி. அங்கிருந்த பை கப்பா சை கழகக் கிளையின் இளைஞர்கள், கறுப்பின மாணவர் ஒருவரைத் தங்களுள் ஒருவராக ஏற்றனர். தலைமைக் கழகம் சினந்தது, கிளையை விலக்கிவைத்தது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? உடன்பிறப்பு நெறிக்கு மாறான நடத்தை! ஒருவனை உடன்பிறந்தான் என்று ஏற்றுக்கொண்டதே உடன்பிறப்புக்கு எதிரான குற்றமாயிற்று. ஆனால் அந்த இளைஞர்கள் பின்வாங்கவில்லை. தலைமையை விட்டார்கள், தோழனை விடவில்லை. வேறு பெயரில் தனிக் கழகமாக நின்றார்கள். நிறுவனம் தவறும்போது அதன் உறுப்பினன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அது நல்ல விடை.

1953-இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக் கழகம், வெளித் தலைமைக்குக் கட்டுப்பட்ட இத்தகைய சமூகக் கழகங்களைத் தன் வளாகங்களிலிருந்து விலக்கியது. வழக்குத் தொடுத்தார்கள், மறு ஆண்டே தோற்றார்கள். பிற கழகங்களும் ஒவ்வொன்றாக விதிப்புத்தகத்திலிருந்து அந்தச் சொற்களை நீக்கின. புத்தகத்திலிருந்து நீங்கியது உண்மை, நெஞ்சிலிருந்து நீங்கியதா?

அலபாமா பல்கலைக் கழகத்தைப் பாருங்கள். 1963 ஜூனில், கறுப்பின மாணவர் இருவர் அங்கே சேர வந்தபோது, மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் தாமே வாயிலில் நின்று மறித்தார். மத்திய அரசு படையைக் காட்டியது, அவர் விலகினார், கதவு திறந்தது. சரியாக ஐம்பது ஆண்டு கழிந்தது. 2013 செப்டம்பரில் அதே பல்கலைக் கழகத்தின் மாணவர் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது: படிப்பிலும் பண்பிலும் குறையில்லாத கறுப்பின மாணவிக்கு அக்காள் தங்கையர் கழகங்களில் இடமில்லை, ஏற்க விரும்பிய மாணவியரைத் தடுத்தவர்கள் பழைய மாணவியர். ஊர் கொதித்தது, நிர்வாகம் தலையிட்டது, சேர்க்கை மீண்டும் திறக்கப்பட்டது. கல்லூரி வாயில் திறந்து ஐம்பது ஆண்டுக்குப் பின்பும் வீட்டு வாயிலைத் திறக்கத் தனியே ஒரு போராட்டம் தேவைப்பட்டது. முன்வாயிலில் நின்ற ஆளுநரை உலகமே பார்த்தது. கொல்லைக் கதவைத் தாழிட்ட கைகளை எவரும் பார்க்கவில்லை.

மறுபக்கத்தின் வாதத்தையும் கேட்போம். “நண்பர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதனின் முதல் உரிமை. யாரோடு உண்பது, யாரோடு உறங்குவது என்பதில் அரசோ கல்லூரியோ தலையிடலாமா? வீட்டைவிட்டுத் தொலைவில் வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, ஆயிரக்கணக்கானோர் நடுவே முகமற்றுப் போகாமல் ஒரு சிறு குடும்பம் கிடைக்கிறதே, அது தீங்கா? ஒதுக்கப்பட்டவர்களும் கழகம் அமைத்துக்கொண்டார்களே, அதையும் வெறுப்பீர்களா?” என்று கேட்கிறார்கள்.

கடைசிக் கேள்வியில் உண்மை இருக்கிறது. பெண்களை ஆண்களின் கழகங்கள் ஏற்காதபோது, 1867-இல் இல்லினாய்ஸ் மாநிலத்து மன்மத் கல்லூரியிலும், 1870-இல் இந்தியானா மாநிலத்து கிரீன்காசிலிலும் பெண்கள் தமக்கெனக் கழகம் கண்டனர். 1906-இல் கார்னல் பல்கலைக் கழகத்தின் கறுப்பின மாணவர் எழுவர் ஆல்பா பை ஆல்பாவைத் தொடங்கினர். மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். 1908-இல் ஹோவர்டு பல்கலைக் கழகத்தில் கறுப்பினப் பெண்களின் முதல் கழகம் பிறந்தது. அதே ஹோவர்டில் 1913-இல் பிறந்த டெல்ட்டா சிக்மா தீட்டாவின் இளம்பெண்கள், பிறந்த சில வாரங்களிலேயே வாஷிங்டன் தெருவில் பெண்களின் வாக்குரிமைக்காக அணிவகுத்தனர்.

இவையும் கழகங்கள், அவையும் கழகங்கள். இரண்டும் ஒன்றா? மழையில் நிறுத்தப்பட்டவன் கட்டிக்கொள்ளும் குடிசைக்கும், அவனை மழையில் நிறுத்துவதற்காக எழுப்பப்பட்ட மதிலுக்கும் வேற்றுமை இல்லையா? சுவர் இரண்டிலும் உண்டு. ஒன்று காக்கிறது, ஒன்று தாக்குகிறது. இருந்தும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: மழை நின்ற பிறகு குடிசைக்காரனும் தன் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். காப்பதற்கென்று எழுந்த சுவரே நாளடைவில் பழக்கத்தால் மதிலாகிவிடுவதும் உண்டு.

நட்புரிமை பற்றிய வாதத்துக்கு வருவோம். நட்பைத் தேர்ந்துகொள்ளட்டும், மறுப்பவர் யார்? ஆனால் நட்பு வேறு, கூரை வேறு. நட்பு எவ்வளவு கொடுத்தாலும் குறையாத பொருள். நான் ஒருவனோடு நட்புக் கொள்வதால் மற்றொருவனின் நட்பு பறிபோவதில்லை. கூரை அப்படியன்று. வளாகத்தருகே வீடுகள் இத்தனைதான், அறைகள் இத்தனைதான். அங்கே தங்கியவனுக்குப் பழைய மாணவர்களின் அறிமுகம் கிடைக்கிறது. அறிமுகத்தால் வேலை கிடைக்கிறது. வேலையால் செல்வம் வருகிறது. செல்வம் மீண்டும் அந்த வீட்டுக்கு நன்கொடையாகிறது. நண்பனைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லிக்கொண்டு நாளைய நீதிபதியையும் நிதியமைச்சரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். இதுவா தனிப்பட்ட செயல்?

பள்ளியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் நான் நாள்தோறும் காண்பது ஒன்று. யார் யாரோடு உட்காருவது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டால், ஒரு வாரத்தில் வகுப்பறை ஊரின் வரைபடம் ஆகிவிடும். அந்தத் தெருப் பிள்ளைகள் அந்த மூலை, இந்தத் தெருப் பிள்ளைகள் இந்த மூலை. பிள்ளைகள் கெட்டவர்களல்லர், பழகியதைத் தேடுகிறார்கள். பழகாததைப் பழக்குவதற்குத்தானே பள்ளி? இடத்தை மாற்றி அமர்த்தியபின் நட்பும் மாறுகிறது. கட்டாயப்படுத்தியது பலகையை, மலர்ந்தது மனம்.

ஒதுக்கப்பட்டவனுக்கு மட்டும் தீங்கு என்று எண்ண வேண்டா. உள்ளே அனுமதிக்கப்பட்டவனும் விலை கொடுக்கிறான். அனுமதி அரிதாகும்போது, அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளத் துணிகிறான். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக் கழகத்துக் கழக வீடொன்றில், புதிதாகச் சேரவந்த 19 வயது மாணவர் அளவின்றி மது ஊட்டப்பட்டு மாடிப்படியில் உருண்டு விழுந்தார். மருத்துவ உதவிக்கு அழைப்புப் போனது ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து. இறந்தார். அன்றிரவு வீடு நிறைய அண்ணன்மார் இருந்தனர். அண்ணன் ஒருவனும் இல்லை! இத்தகைய கொடுமைகளைக் கல்லூரிகள் மறைக்காமல் வெளியிட வேண்டும் என்று அந்நாட்டு மத்தியச் சட்டம் வந்தது 2024 டிசம்பரில்தான்.

பெண்களின் வீடுகளிலோ வேறொரு கோணல். அவற்றில் மது கூடாது என்பது பெரிய கழகங்களின் விதி. நல்ல விதிதான். ஆனால் ஆண்களின் வீடுகளில் பல இடங்களில் அந்த விதி இல்லை. ஆகவே விருந்து என்றால் ஆணின் வீடு. கதவு ஆணின் கையில், கோப்பை ஆணின் கையில். ஒழுக்கத்தின் சுமை பெண்ணுக்கு, வீட்டின் ஆட்சி ஆணுக்கு. பெண்கள் பலர் ஒரே வீட்டில் தங்கினால் அதைப் பரத்தையர் இல்லமாகக் கொள்ளும் பழஞ்சட்டம் உண்டு என்று வளாகத்துக்கு வளாகம் ஒரு கதை உலவுகிறது. வெறும் கட்டுக்கதை அது. ஆனால் அதை எளிதில் நம்புகிறார்களே, அந்த நம்பிக்கை எதைக் காட்டுகிறது? பெண் கூடி வாழ்ந்தால் ஐயம். ஆண் கூடி வாழ்ந்தால் மரபு!

அப்படியானால் சட்டம் போட்டு எல்லா வீட்டையும் மூடிவிடலாமா? அங்கேயும் எச்சரிக்கை தேவை. நியூயார்க்குக்கு அருகே பெல் டெர் என்ற சிற்றூர், குருதி, திருமணம், தத்து ஆகிய உறவு இல்லாதவர் இருவருக்கு மேல் ஒரு வீட்டில் வாழக்கூடாது என்று விதித்தது. வீடு எடுத்துத் தங்கியிருந்த மாணவர் அறுவருக்கு அது இடியாயிற்று. 1974-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஊரின் விதியைச் செல்லும் என்றது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் தர்குட் மார்ஷல், அந்த மன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. யார் குடும்பம், யார் குடும்பமல்லர் என்று ஊராட்சி முடிவு செய்யப் புகுந்தால், கழகத்தின் கறுப்பு உருண்டை அரசின் கைக்கு மாறும், அவ்வளவுதான்.

வழி காட்டிய கல்லூரிகள் இல்லாமல் இல்லை. 1962-இல் வில்லியம்ஸ் கல்லூரி ஒரு முடிவு எடுத்தது: மாணவர் அனைவருக்கும் தங்க இடமும் உணவும் தருவது கல்லூரியின் கடமை; அதை எந்தக் கழகத்திடமும் விட முடியாது. ஆம்கர்ஸ்ட் 1984-இல் வளாகக் கழகங்களை நீக்கியது. போடின் கல்லூரி 1997-இல் அதே முடிவுக்கு வந்தது. கழக மாளிகைகள் எல்லோருக்குமான விடுதிகளாயின. அங்கெல்லாம் நட்பு செத்துவிடவில்லை. பாடுகிறவர்கள் கூடிப் பாடுகிறார்கள். வாதிடுகிறவர்கள் கூடி வாதிடுகிறார்கள். ஆனால் பாடத் தெரியாதவனுக்கும் படுக்கை உண்டு. எவருக்கும் பிடிக்காதவனுக்கும் சோறு உண்டு.

இதுதான் நான் காணும் விடை. கூட்டம் விருப்பத்தால் அமையட்டும்; கூரை உரிமையால் கிடைக்கட்டும். பாட்டுக்கும் படிப்புக்கும் பந்துக்கும் ஆயிரம் கழகங்கள் தோன்றட்டும். அவற்றில் யாரை ஏற்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். உறங்கும் இடத்தையும் உண்ணும் இடத்தையும் மட்டும் அந்த முடிவுக்கு அடகு வைக்க வேண்டா. அவற்றைத் தரும் பொறுப்பு கல்வி நிலையத்தினுடையது; செலவு மிச்சம் என்று அதைக் கைமாற்றிய நிலையம், தன் மாணவரில் ஒரு பாதியை மறுபாதிக்கு விற்றுவிட்டது என்றே பொருள்.

உடன்பிறப்பு என்ற பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம். பெயருக்கு உரியவர் யார் என்பதைத் தேர்வுநாளில் எவனை அழைத்தார்கள் என்று பார்த்து அறிய முடியாது. அழைக்கப்படாத ஒருவன் நனைந்த உடையோடு வந்து கதவைத் தட்டும் இரவில், உள்ளிருப்பவன் எழுந்து வருகிறானா என்று பார்த்துத்தான் அறிய வேண்டும்.