தொட்டியில் ஒரு மரம்: வளர்ப்பா, வதைப்பா?

ஒரு மரத்தை அதன் இயல்பான உயரத்துக்கு வளரவிடாமல், வேரையும் கிளையையும் காலந்தோறும் வெட்டி, முழ நீளத் தட்டம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக நிறுத்தி வைப்பது அறமாகுமா? இவ்வினா சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். மனிதனுக்கே நீதி கிடைப்பது அரிதாயிருக்கும் உலகில் மரத்துக்கு என்ன நீதி என்று கேட்பாரும் உளர். ஆயினும் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் நடந்து செல்வோர் இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. மாமரத்தைக் கோலால் அடித்துக் கனி பறித்தோரை, பழம் தந்த மரத்துக்கு இதுவா கைம்மாறு என்னும் கருத்துப்படக் கடிந்துகொண்டவர் ரமண மகரிஷி என ஆசிரம நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. மலைப்புதரில் தம் தொடை பட்டுக் குளவிக்கூடு கலைந்தபோது, தவறிழைத்த அந்தக் காலையே குளவிகள் கொட்டட்டும் என்று அவர் அசையாது நின்ற நிகழ்ச்சியும் பலர் அறிந்ததே. 1948-ஆம் ஆண்டில் இறந்த லட்சுமி என்னும் பசுவுக்கும், அதனருகே மான், காகம், நாய் ஆகியவற்றுக்கும் அவ்வளாகத்தில் சமாதிகள் உள்ளன. முற்றத்திலே பழைய இலுப்பை மரமொன்று தன் விருப்பம்போல் கிளை பரப்பி நிற்கிறது. அந்த இலுப்பைக்குக் கூப்பிடு தொலைவில், ஒரு வீட்டு மொட்டைமாடியில், வேறொரு மரத்தின் இளங்கிளையில் அலுமினியக் கம்பி சுற்றப்படுகிறது. இவ்விரண்டும் ஓர் ஊரில் எவ்வாறு பொருந்தும்?

மாடிக்குரியவர் எனக்கு நெடுநாள் பழக்கமானவர். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உதகையிலிருந்து அவர் கொண்டுவந்திருந்த மரம் மேப்பிள் இனத்தைச் சேர்ந்தது. காஷ்மீரத்துச் சினார் மரத்தைச் சிலர் மேப்பிள் என்று மயங்குவதுண்டு. இலை வடிவம் ஒத்திருப்பினும் அது வேறு குடும்பம். நண்பரின் மேப்பிள் சீன நாட்டைத் தாயகமாகக் கொண்ட மூவிதழ் இலை வகை. ஒரே அடியிலிருந்து ஐந்து தண்டுகள் எழுந்திருந்தன. "ஹஜ்ரத், ஐந்தையும் எப்படி ஒழுங்கு செய்வது, எந்தத் தட்டத்தில் வைப்பது என்பதைத் தோட்டக்கலை நூல்கள் சொல்லிவிடும். செய்யலாமா, கூடாதா என்பதை உங்கள் நூல்கள் சொல்லுமா?" என்று அவர் கேட்டார்.

அக்கலையின் முறை யாதெனத் தெரியாமல் அதன் நீதியைப் பேசுதல் ஆகாது. தட்டில் நடுதல் என்பதே 'போன்சாய்' என்னும் ஜப்பானியச் சொல்லின் நேர்ப்பொருள். கலையின் வேர் சீனத்தில் உள்ளது. தாங் மரபு இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறையில், கி.பி. 706-ஐ ஒட்டித் தீட்டப்பட்ட சுவரோவியத்தில், சிறு செடிகளும் கற்களும் வைத்த தட்டத்தை ஏந்தி வரும் பணியாளைக் காணலாம். ஜப்பானியர் அதனைத் தமதாக்கி நுட்பமான இலக்கணமே வகுத்துவிட்டனர். பல தண்டு மரத்துக்கென அவர்கள் கூறும் விதிகள் கவனிக்கத்தக்கவை. தண்டுகள் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படையாக இருத்தல் நலம். ஒன்றே யாவற்றினும் தடித்தும் உயர்ந்தும் நிற்கவேண்டும். எஞ்சியவற்றுள் எவ்விரண்டும் ஒரே உயரமாகவோ ஒரே பருமனாகவோ இருத்தலாகாது. அடியில் யாவும் ஒரே வேரினின்று எழுந்தமை கண்ணுக்குத் தெரியவேண்டும். ஒவ்வொரு தண்டும் தன் கிளைகளை வெளிப்புறமாகவே நீட்டவேண்டும். உள்நோக்கிச் சென்று அடுத்ததன் குறுக்கே விழும் கிளைகள் நீக்கப்படும். ஐந்து தண்டின் உச்சிகளும் சேர்ந்து தொலைவிலிருந்து ஒரே மரத்தின் முடியெனத் தோன்றுவதே முடிவான நோக்கம்.

மேப்பிளுக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. அதன் இலைகள் எதிரெதிராக இணையிணையாகத் தோன்றுவதால் கிளைகளும் கவண்கோல் போல இரண்டிரண்டாகப் பிரியும். இணையில் ஒன்றைத் தொடக்கத்திலேயே கிள்ளிவிடாவிடில் உருவம் கெட்டுவிடும். பட்டையோ மெல்லியது. கம்பியைச் சில வாரங்கள் மிகையாக விட்டாலும் அது பட்டையில் பதிந்து, ஆறுவதற்கு ஆண்டுகள் ஆகும். இலை முழுவதையும் கோடைத் தொடக்கத்தில் உதிர்த்துவிட்டு, சிற்றிலைகள் துளிர்க்கச் செய்வாரும் உண்டு. வலுவான மரத்துக்கே அது தாங்கும்.

இவ்வளவையும் கேட்ட எவருக்கும் முதலில் எழுவது இரக்கமே. மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குகிறார்கள் என்று பொதுவாகப் பேசப்படுகிறது. உண்மை அதுவன்று. பட்டினி கிடக்கும் மரம் இலை சிறுத்துச் சாகுமேயன்றி அழகு பெறாது. தட்டத்து மரத்துக்கு நாள்தோறும் நீரும், பருவந்தோறும் உரமும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, மொட்டு விரிவதற்கு முன், மரத்தை வெளியே எடுத்து, முதிர்ந்து பின்னிக் கிடக்கும் வேர்களைக் குறைத்துப் புதிய மண்ணில் வைப்பார்கள். வெட்டிய இடத்தில் இளவேர் பிறக்கும். மரம் சிறிதாக நிற்பது இந்த வெட்டினால்தான். உயிர் நீள்வதும் இதனால்தான். வாஷிங்டன் நகரத் தேசிய மரப்பூங்காவில் 1625 முதல் தட்டத்தில் வளரும் வெண்பைன் ஒன்று உள்ளது. ஹிரோஷிமாவில் யாமாகி குடும்பத்தார் தலைமுறைகளாகப் பேணிய மரம் அது. 1945 ஆகஸ்டு 6-ல் அணுகுண்டு வீழ்ந்த இடத்துக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், தோட்டத்துச் சுவரின் மறைவில் நின்று தப்பியது. குண்டு வீசிய நாட்டுக்கே 1976-ல் மசாரு யாமாகி அதனை அன்பளிப்பாக வழங்கினார். ஹிரோஷிமாச் செய்தியை அப்போது விரிவாகச் சொல்லவும் இல்லை. 2001-ல் அவருடைய பேரர்கள் வந்து சொன்ன பின்னரே அம்மரத்தின் வரலாறு பூங்காவினருக்குத் தெரிந்தது. நானூறு ஆண்டுகளில் ஒரு கோடைநாள் எவரேனும் நீர் ஊற்ற மறந்திருந்தால் அம்மரம் இல்லை. தட்டம் மரத்தைக் கட்டுவதைக் காட்டிலும் மனிதனையே இறுகக் கட்டுகிறது. வக்பு சொத்துக்கு முத்தவல்லி எப்படியோ அப்படி, தனக்குப் பின் யார் என்று எண்ணாமல் அவன் ஒரு நாளும் இருக்க முடியாது.

ஆகவே, வெட்டுகிறான் என்பதனாலேயே ஒருவனைக் கொடியவன் என்றல் பொருந்தாது. அரபு அகராதி ஆசிரியர்கள் 'ளுல்ம்' என்னும் சொல்லுக்குக் கூறும் பொருள் எனக்கு ஈண்டு துணை நிற்கிறது. நாம் அதனைக் கொடுமை, அநீதி என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். அவர்களோ, ஒரு பொருளை அதற்குரிய இடமல்லாத இடத்தில் வைப்பது என்று வரையறுக்கின்றனர். அதற்கு எதிரான 'அத்ல்', அதாவது நீதி, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைப்பதாகும். கத்தரிக்கோல் இந்த வரையறையில் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கால்நடைகளைக் காயடிப்பது பற்றி ஃபிக்ஹு அறிஞர்கள் வேறுபட்டுப் பேசியபோதும், உண்மையான பயன் உண்டா, வீண் துன்பமா என்பதே பலருடைய உரைகல்லாக இருந்தது.

இந்த வரையறையைக் கையிலேந்தி நண்பரின் மாடியைப் பார்த்தபோதுதான் குற்றம் எங்கே இருந்தது என்பது விளங்கிற்று. கம்பியில் அன்று, தட்டத்திலும் அன்று, ஊரில் இருந்தது. மேப்பிள் குளிர்நாட்டு மரம். ஆண்டுதோறும் பல வாரங்கள் ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழான குளிரில் இலையுதிர்த்து உறங்கினாலன்றி அதற்கு வலிமை மீளாது. உதகையின் பனிக்கால இரவு அதற்குப் போதும். திருவண்ணாமலையின் மார்கழிக் குளிர் நமக்குப் போர்வை தேடச் செய்யுமேயன்றி மேப்பிளை உறங்க வைக்காது. மே மாதத்திலோ வெயில் 40 பாகையை எட்டும். பாறைமலையின் அடிவாரத்தில் சிமெண்டு மாடியின் வெம்மை வேறு. இலையின் விளிம்புகள் கருகிச் சுருண்டிருந்ததை நானே கண்டேன். உறக்கம் மறுக்கப்பட்ட மரம் இரண்டு மூன்று ஆண்டுகள் துளிர்த்துக் காட்டும். பிறகு ஒருநாள் துளிர்க்காது. எத்தனை அழகாக ஐந்து தண்டுகளையும் ஒழுங்கு செய்தால் என்ன, அதற்குரியதல்லாத இடத்தில் வைத்தபின்?

நண்பர் நியாயத்தை ஏற்பவர். மேப்பிளைக் கோத்தகிரியில் இருந்த உறவினரிடம் சேர்த்துவிட்டார். அதன்பின் அவர் தேடிக்கொண்ட மரம் இச்சி. பாழ்ங்கிணறு ஒன்றைச் சீர்செய்தபோது கல்லிடுக்கிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, எரிப்பதற்கென்று கிடந்தது. ஆல், அரசு, இச்சி ஆகியவை பறவை எச்சத்தில் விழுந்த விதையிலிருந்தே சுவரிலும் கோபுரத்திலும் பிடி மண்ணின்றி முளைப்பவை; கட்டடத்தைப் பிளப்பவை; ஆதலால் பிடுங்கப்படுபவை. குறுகிய இடத்தில் வாழ்வது அவற்றுக்கு இறைவன் வகுத்த இயல்பு. பல தண்டாதலும் அவற்றுக்கு இயற்கையே. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-ல் புயலில் சாய்ந்தது. விழுதுகள் தண்டுகளாகி இன்றும் மரம் நிற்கிறது. நண்பரின் இச்சிக்கும் அடியில் நான்கு தண்டுகள். ஒற்றைப்படை விதிக்காக ஒன்றை வெட்ட அவர் மனம் ஒப்பவில்லை. அவ்விதி ஜப்பானியர் கண்ணுக்கு உரியது, மரத்துக்கு உரியதன்று என்று நானும் சொன்னேன்.

பின்னர் தட்டம். நூல்கள் கூறும் அளவு, மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளம். ஆழம் அடித்தண்டின் பருமன். பல தண்டு மரத்துக்கு ஆழமற்ற நீள்வட்டத் தட்டம். மேப்பிளாயின் இளநீலமோ பாலாடை நிறமோ கொண்ட மெருகுத் தட்டம் அதன் இலைநிறத்தை எடுத்துக் காட்டும் என்பர். ஜப்பானில் தோக்கோநாமே ஊர்ச் சூளைகள் இதற்குப் பெயர் பெற்றவை. நம் பக்கத்திலும் கைத்திறனுக்குக் குறைவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நெடுங்காலமாக நடக்கிறது. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்கலக் கூடத்தால் அவ்வட்டாரமே மெருகுக் கலங்களுக்குப் புகழ் பெற்றுவிட்டது. நண்பர் அங்கே போய் நீல மெருகிட்ட தட்டமொன்றில் மனத்தைப் பறிகொடுத்துத் திரும்பினார். ஆனால் அது இரண்டு விரல் ஆழம். அவ்வளவு மண் நம் வெயிலில் நண்பகலுக்குள் காய்ந்துவிடும், வேர் வெந்துவிடும். முடிவில் உள்ளூர்க் குயவரிடம் சொல்லி, ஒரு சாண் ஆழத்தில், அடியில் நான்கு துளையிட்டு, மெருகில்லாச் சுட்ட மண்ணிலே செய்வித்தார். நம் தண்ணீர்ப் பானை எப்படித் தன் உடலில் நீர் கசியவிட்டு உள்ளிருப்பதைக் குளிரச் செய்கிறதோ, அதே வேலையை அத்தட்டமும் செய்கிறது. பார்ப்பவர்க்கு அது சற்றுத் தடித்துத் தோன்றும். கண்ணுக்குப் பொருத்தம் வேறு, வேருக்குப் பொருத்தம் வேறு. இரண்டும் முரண்படும்போது எதை விட்டுக்கொடுக்கிறான் என்பதில்தான் வளர்ப்பவன் வெளிப்படுகிறான்.

இங்கே ஓர் உவமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளை வளர்ப்புக்குத் தட்டத்து மரத்தைச் சான்றாகக் காட்டும் பேச்சை நான் மேடைகளில் கேட்டிருக்கிறேன். இளமையில் வளைத்தால்தான் வளையும், வெட்டினால்தான் ஒழுங்குபடும் என்பார்கள். இதனை நான் ஒப்புவதில்லை. நம் இல்லங்களில் வழங்கும் 'தர்பிய்யத்' என்னும் சொல்லின் வேரிலே இருப்பது வளர்தல், பெருகுதல் என்னும் பொருள், குறைத்தல் அன்று. மரத்துக்கு நிய்யத் இல்லை. தான் என்னவாக வேண்டும் என்று அது எண்ணுவதில்லை. ஆகவே அதன் இறுதி வடிவை வேறொருவன் முன்னரே மனத்தில் வரைந்துகொள்வது அதற்கு இழப்பன்று. பிள்ளையோ நாளை தானே தன் அமலுக்குப் பதில் சொல்லவேண்டியவன்.

ஐந்து தண்டு விதியையே எண்ணிப் பாருங்கள். ஒன்று ஓங்கித் தோன்றும்பொருட்டு நான்கு குறைக்கப்படுகின்றன. மரத்தில் அது அழகு. ஐந்து தண்டுக்கும் உயிர் ஒன்றே, வெட்டுண்ட இடத்துச் சாறு ஓங்கியதற்கே போகிறது. ஐந்து மக்கள் உள்ள வீட்டில் இதே விதி நடக்கிறதே, அங்கே உயிர் ஒன்றா? மூத்த மகனின் படிப்புக்காக இளையவன் கடையில் நிறுத்தப்படுகிறான். தம்பி வெளிநாடு செல்லும்பொருட்டு, நன்றாக ஓதிக்கொண்டிருந்த அக்காளின் பள்ளி நின்றுபோகிறது. என்னிடம் ஓதிய பிள்ளைகளில் இப்படி நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பெற்றோர் கொடியவர்கள் அல்லர். தொலைவிலிருந்து பார்க்கும் ஊராருக்குக் குடும்பம் ஒரே முடியாக அழகாகத் தோன்றவேண்டும் என்று விரும்பியவர்கள். வறுமை காரணமாயின் அது வேறு. அதற்கு அல்லாஹ் அறிந்த மன்னிப்பு உண்டு. தோற்றம் காரணமாயின், அமானிதமாக வந்த பொருளை நம் கண்ணுக்காக வெட்டினோம் என்பதற்கு என்ன பதில்?

நண்பரோடு எனக்கு இன்னும் ஒரு வழக்கு முடியாமல் இருக்கிறது. தட்டத்தை நான் ஏற்கிறேன். கத்தரியையும் ஏற்கிறேன், வெட்டிய இடத்தில் பால் வடிவதைப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாலும். கம்பியைப் பற்றித்தான் மனம் அமையவில்லை. வெட்டு மரத்துக்குப் புதிய வேரும் துளிரும் தருகிறது. கம்பி அதற்கு எதையும் தருவதில்லை, பார்ப்பவனுக்கு மட்டுமே தருகிறது என்பது என் கட்சி. கிளைகளை விலக்கி வைத்தால் உள்ளே வெளிச்சமும் காற்றும் புகும், அதுவும் மரத்துக்கு நன்மையே என்பது அவர் கட்சி. கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் கிளையைத் தாழ்த்தும் முறையும் உண்டாம். அதைச் செய்து பார்க்கிறேன் என்றார். சென்ற வாரம் போனபோது மூன்று கிளைகளில் கூழாங்கற்கள் நூலில் தொங்கின. நான்காவதில் கம்பி அப்படியே இருந்தது.