தேர்வும் தெளிவும்

மாந்தர் வாழ்வு தேர்வுகளால் ஆனது. எதைக் கற்பது, எத்தொழிலை மேற்கொள்வது, யாரை வாழ்க்கைத் துணையாகக் கொள்வது என்னும் பெரிய தேர்வுகளின்போது நாம் பெரியோரை அணுகி அறிவுரை கேட்கிறோம். இரவெல்லாம் விழித்திருந்து எண்ணுகிறோம். சிறிய தேர்வுகளையோ ஆசையின் கையில் விட்டுவிடுகிறோம். ஆயினும், ஒருவருடைய உள்ளத்தின் போக்கைச் சிறிய தேர்வுகளே பெரும்பாலும் தெளிவாகக் காட்டுகின்றன. அத்தகைய தேர்வொன்றையே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். ஓர் இளைஞன் விளையாடுவதற்கெனக் கணினி வாங்கிய கதை அது. இதில் அறம் எங்கே வந்தது என்று கேட்போர் இருக்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

2023-ஆம் ஆண்டில், எஸ்.பி.எம். தேர்வு முடிந்த சில வாரங்களில், கிள்ளானைச் சேர்ந்த என் பழைய மாணவன் ஒருவன் தன் தாயாருடன் கொமுட்டர் இரயிலேறி பிரிக்பீல்ட்சுக்கு வந்தான். விளையாட்டுக்கேற்ற கணினியை உறுப்பு உறுப்பாக வாங்கித் தானே பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவன் நெடுநாளைய ஆசை. அதற்கெனத் தாயார் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த 4,000 வெள்ளி கையில் இருந்தது. "ஐயா, எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்கள் கூட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார் அவ்வம்மையார். எனக்கும் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. ஆசிரியத் தொழிலில் நெடுநாள் இருந்தோர்க்கு வந்துசேரும் குறைகளுள் அதுவும் ஒன்று.

மாணவன் ஒரு தாளில் பட்டியல் எழுதி வைத்திருந்தான். கணக்கிடும் செயலி, படங்களைத் தீட்டித் தரும் வரைகலை அட்டை, யாவற்றையும் இணைக்கும் தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் மின்வழங்கி, இவற்றை அடக்கும் கண்ணாடிப் பெட்டி என ஏழு உறுப்புகள். தொகையில் பாதிக்கு மேல் வரைகலை அட்டை ஒன்றுக்கே போயிற்று. மற்றவை எஞ்சியதைப் பங்கிட்டுக்கொண்டன. நான் பட்டியலைப் பார்த்தேனேயன்றிப் படிக்கவில்லை. இத்தொகையில் எத்தனை நூல்கள் வாங்கலாம், கல்லூரிச் செலவுக்கு எவ்வளவு உதவும் என்னும் அறிவுரையையே என் மனம் ஆயத்தம் செய்துகொண்டிருந்தது.

மோனோரெயிலில் ஏறி இம்பி நிலையத்தில் இறங்கி, லோ யாட் பிளாசாவை அடைந்தோம். 1990களின் இறுதியிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் கணினி ஆர்வலர்கள் நாடிச் செல்லும் அங்காடி அது. மாடிக்கு மாடி கடைகள். கடைக்குக் கடை விலைப்பட்டியல்கள். ஒரு கடையில் நின்றோம். அங்கிருந்த சீன இளைஞர் பட்டியலை மேலிருந்து கீழாக இருமுறை படித்தார். பிறகு விலை கூறாமல் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, வீட்டில் உன்னிடம் உள்ள திரை எத்தகையது?"

மாணவன் சற்றுத் தயங்கினான். அண்ணன் விட்டுச் சென்ற பழைய திரைதான் அவனிடம் இருந்தது. அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 எனப் புள்ளிகள் அமைந்து, நொடிக்கு 60 படங்களை மட்டுமே காட்டவல்லது அது. அவன் விரும்பிய அட்டையோ அத்திரையைப் போல் நான்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் கொண்ட பெருந்திரைகளை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது. அவன் விரும்பும் விளையாட்டில் அது நொடிக்கு 150 படங்களைத் தீட்டினாலும், கூடுதல் படங்களுள் பெரும்பகுதி அவன் கண்ணை எட்டாமலே போகும். தான் காணவியலாத ஒன்றுக்காகத் தாயின் சேமிப்பில் பாதியை அவன் தர இருந்தான்.

ஆற்றில் எவ்வளவு வெள்ளம் புரண்டாலும், மதகின் அகலமே வயலுக்குப் பாயும் நீரை முடிவு செய்கிறது. கணினியும் அவ்வாறே. வரைகலை அட்டை விரைந்தாலும் செயலி பின்தங்கினால் அட்டை காத்திருக்கும். இரண்டும் விரைந்தாலும் திரை மெல்ல நடந்தால் இரண்டின் விரைவும் வீண். சில உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தவே மாட்டா. டி.டி.ஆர்.4 நினைவகம் டி.டி.ஆர்.5-க்கென அமைந்த பொருத்துவாயில் அமராது. ஆகவே, ஒவ்வோர் உறுப்பிலும் சிறந்ததைப் பொறுக்கிச் சேர்த்தால் சிறந்த கணினி கிடைத்துவிடும் என்பது பிழை. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் ஓலைக் குடில்களை அழித்தபின், நகரைச் செங்கல்லால் கட்ட எழுந்த சூளைகளே பிரிக்பீல்ட்சுக்குப் பெயர் தந்தன. ஒரு கல் மட்டும் இரும்பைப் போல் உறுதியாக இருந்து என்ன பயன்? சுவர் நிற்பது கற்கள் ஒன்றையொன்று தாங்குவதால் அன்றோ!

வள்ளுவப் பெருந்தகை 'வலியறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். செய்ய எண்ணிய வினையின் வலிமை, தன் வலிமை என எல்லாவற்றையும் சீர்தூக்கச் சொன்ன அவர், பொருளின் வரவு செலவு அளவையும் அவ்வதிகாரத்திலேயே வைத்தார். அரசனுக்குச் சொன்னது நமக்கு எதற்கு என நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், கையில் 4,000 வெள்ளியோடு நிற்கும் பதினேழு வயது இளைஞனும் தன் சிறிய நாட்டுக்கு அரசனே. என்ன வினை, எவ்வளவு பொருள், எது தடை என்று அறியாமல் அவன் செய்யும் தேர்வு வெறும் ஆசைப்படுதலாகவே முடியும்.

இங்கு ஒரு தடை எழலாம். விளையாட்டே வீண் எனில், அதற்கான கருவியை அளவறிந்து வாங்கினால் என்ன, அளவின்றி வாங்கினால் என்ன? இவ்வாறு கேட்போர் நம்மிடையே பலர். அன்று காலைவரை நானும் அவர்களுள் ஒருவன். ஆனால், விளையாட்டை முற்றாகத் தள்ளிய சமுதாயம் எங்கேனும் உண்டா? தோட்டத்து வேலை முடிந்த மாலையில் நம் முன்னோர் சடுகுடு ஆடினர். திண்ணையில் பெண்கள் பல்லாங்குழி ஆடினர். கணினி விளையாட்டும் 2019-இல் பிலிப்பைன்சில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியிலும், 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியிலும் பதக்கத்துக்குரிய ஆட்டமாக இடம்பெற்றது. பதக்கம் உண்டு என்பதற்காக அதை நான் போற்றவில்லை. ஓய்வும் மகிழ்ச்சியும் உழைப்போர் வீட்டுப் பிள்ளைக்கும் உரியவை என்பதையே சொல்கிறேன். விளையாடுவதில் பிழையில்லை. ஆனால், நாம் வாங்குவது விளையாட்டுக்காகவா, பிறர் பார்வைக்காகவா என்று நம்மையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

மாணவனின் பட்டியல் இக்கேள்விக்கு விடை வைத்திருந்தது. வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடிப் பெட்டிக்கு அவன் தாராளமாக ஒதுக்கியிருந்தான். மின்வழங்கிக்கோ கடைசியில் எஞ்சிய சில்லறையே. மின்வழங்கியை யாரும் பார்ப்பதில்லை. நண்பர்களிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட முடியாது. ஆனால், சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ஏனைய உறுப்புகள் தாங்கும் அளவுக்குக் குறைத்து, ஏற்ற இறக்கமின்றி வழங்குவது அதுவே. இடியும் மின்னலும் மிகுந்த நம் பள்ளத்தாக்கில் தரமற்ற மின்வழங்கி பழுதானால், தான் மட்டும் கெடாமல் தன்னை நம்பிய உறுப்புகளையும் கெடுத்துவிடக்கூடும். வீட்டிலும் பள்ளியிலும் இப்படிக் கண்ணில் படாமல் தாங்கி நிற்போர் சிலர் உண்டு. அவர்களுக்கும் நாம் எஞ்சியதையே தருகிறோம்.

அக்கடைக்காரர் ஏன் அக்கேள்வியைக் கேட்டார் என்று நான் பிறகு பலமுறை எண்ணியதுண்டு. கேளாமல் இருந்திருந்தால் அவருக்கு விற்பனை பெரிது. மாணவனும் மகிழ்ச்சியோடு போயிருப்பான். அறிந்தவன் அறியாதவனுக்குக் கடமைப்பட்டவன் என்பதை அவர் எந்த நூலில் படித்தாரோ அறியேன். அக்காலம் அத்துறையில் நேர்மைக்குச் சோதனையான காலம். 2021-இல் மின்னியல் நாணயம் ஈட்டுவோர் வரைகலை அட்டைகளை வாங்கிக் குவித்தமையும் விலையேற்றத்துக்கு ஒரு காரணமாயிற்று. 2022 செப்டம்பரில் எதீரியம் என்னும் நாணயத்தின் முறை மாறியதும், இரவும் பகலும் ஓடிக் களைத்த அட்டைகள் பழையனவாகச் சந்தைக்கு வந்தன. துடைத்து வைத்தால் புதியதுபோல் இருக்கும் பொருளின் வரலாற்றைச் சொல்லி விற்பதா, மறைத்து விற்பதா? சட்டம் எட்டாத அவ்விடத்தில் மனச்சான்று ஒன்றே காவல்.

இவ்வளவு நேரமும் தாயார் ஒன்றும் பேசவில்லை. மேசைமேல் இருந்த நினைவகத் துண்டைக் கையிலெடுத்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "இது எத்தனை வருடம் உழைக்கும்?"

நம் மொழியில் மனிதரும் உழைப்பர், பொருளும் உழைக்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர், ஒன்றின் உழைப்பை மற்றொன்றின் உழைப்பால் அளந்தனர் போலும். அவ்வம்மையார் இளமையில் சுங்கை வே மின்னணு ஆலையில் நுண்ணோக்கியின்முன் அமர்ந்து சில்லுகளைச் சோதித்தவர் என்பதை அன்றுதான் அறிந்தேன். இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் பினாங்கில் தொடங்கியதுமுதல், இத்தகைய ஆலைகளில் கண் தேய உழைத்த நம் நாட்டுப் பெண்கள் ஏராளம். தோட்டப்புறங்களை விட்டு வந்த தமிழ்ப்பெண்களும் அவர்களுள் உண்டு. இன்னும் பின்னே சென்றால், உறுப்புகளைப் பலகையோடு பிணைக்கும் பற்றாசில் வெள்ளீயமே மிகுதி. பரவலாக வழங்கும் ஒரு வகையில் நூற்றுக்கு 96.5 பங்கு அதுவே. அவ்வீயத்தைத் தேடித்தான் 1857-இல் 87 சீனத் தொழிலாளர் கிள்ளான் ஆற்றின் வழியே அம்பாங்குக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களிலேயே காய்ச்சலுக்குப் பலியாயினர். அவ்வழி பிறந்ததே இக்கோலாலம்பூர். ஒரு கணினிப் பெட்டிக்குள் இத்தனை பேருடைய உழைப்பு அடங்கிக் கிடக்கிறது. அதை வாங்கும் பணமும் ஒருவருடைய உழைப்பே. பயன்படாத ஆற்றலை வாங்குவோர் பணத்தை மட்டுமா வீணாக்குகின்றனர்?

மாணவன் தாளைத் திருப்பி மறுபக்கத்தில் புதிதாக எழுதத் தொடங்கினான். அட்டை நடுத்தரமாயிற்று. மின்வழங்கி உயர்ந்தது. பின்னாளில் செயலியை மாற்ற இடந்தரும் தாய்ப்பலகை சேர்ந்தது. கண்ணாடிப் பெட்டி போய்க் காற்றோட்டமுள்ள எளிய பெட்டி வந்தது. எஞ்சிய சிறுதொகையைத் தாயாரிடமே கொடுத்தான். அவன் முகத்தில் சிறிது ஏக்கம் இருந்ததை மறைக்க மாட்டேன். அந்தப் பெரிய அட்டையை இருமுறை திரும்பிப் பார்த்தான்.

நான் ஆயத்தம் செய்திருந்த அறிவுரை என் வாயைவிட்டு வரவேயில்லை. வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மரியாதைக்காகத் தலையாட்டியிருப்பான், மறுவாரம் தனியே சென்று தன் முதற்பட்டியலையே வாங்கியிருப்பான். 'போதும்' என்னும் சொல்லை ஒருவருக்காக மற்றொருவர் சொல்ல முடியாது. பிறர் சொல்லும்போது அது தடையாகிறது. தானே சொல்லும்போதுதான் தெளிவாகிறது. கடைக்காரர் 'போதும்' என்று சொல்லவில்லை. அதை அவனே சொல்லிக்கொள்ளத் தேவையான அறிவை ஒரு கேள்வியின் வழியே தந்தார். தாயார் மற்றொரு கேள்வியால் அவ்வறிவுக்கு அறத்தைச் சேர்த்தார். நாற்பது ஆண்டு பாடம் சொன்ன நான் இருவருக்கும் நடுவே மாணவனாக நின்றேன்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! நம் வகுப்பறைகளில் விடைகள் மலிந்துள்ளன. இளையோர் கையில் புதிய கருவிகள் வந்துகொண்டே இருக்கும்; அவற்றின் பெயர்கூட நமக்குத் தெரியாமல் போகலாம். அதற்காக நாணவோ, கருவியையே பழிக்கவோ வேண்டுவதில்லை. இது எதற்கு, உன்னிடம் ஏற்கெனவே இருப்பது என்ன, இது எத்தனை காலம் உழைக்கும், இதற்காக உழைத்தவர் யார் என்று உடன் நின்று கேட்டால் போதும். அக்கேள்விகளைத் தனக்குத்தானே கேட்கக் கற்றவன், கணினியைத் தேர்ந்தாலும் கல்வியைத் தேர்ந்தாலும் பெரிதும் பிழை செய்யான் என்பதே என் துணிபு.