வெட்டியும் தொண்டும்

எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் உண்டு. அதைத் தலைகீழாகப் பேசுகிற குடும்பங்களும் உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்த மண் இது. எல்லைக்கோடு நகர்ந்தபோதும், கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே அர்த்தத்தில் நின்ற சொல் ஒன்று உண்டு: வெட்டி. தெலுங்கில் 'வெட்டி சாக்கிரி' என்றால் கூலி இல்லாத கட்டாய வேலை. தமிழில் அந்த வேலையைச் செய்தவன் வெட்டியான். இன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் "வெட்டியா இருக்கேன்" என்கிறார்கள். ஊருக்கே உழைத்தவனின் பெயர் ஒன்றும் செய்யாதவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

என் தாத்தா வெட்டி பார்த்தவர். செத்த மாட்டை இழுத்துப் போடணும். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் நடுராத்திரியிலும் கிளம்பி, சொந்தக்காரர்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் நடந்து சேதி சொல்லணும். குழி வெட்டணும், பிணம் வேகும்வரை பக்கத்தில் நிற்கணும், தண்டோரா போடணும். கூலி பேசக்கூடாது. அறுப்புக் காலத்தில் களத்து ஓரம் நின்று துண்டை விரித்தால் மேரை என்று ஏதோ அளந்து போடுவார்கள்.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஊர்த்தெருப் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்திச் சொன்னார்: "உன் தாத்தன் தங்கமான ஆளுடா. இருந்தவரைக்கும் நிமிந்து ஒரு வார்த்த பேசினதில்ல. இன்னா பணிவு!" மனசாரத்தான் பாராட்டினார். வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். வெத்திலையைத் துப்பிவிட்டு அவள் சொன்னாள்: "நிமிந்திருந்தா வுட்ருப்பானுங்களா? வூட்டுக்குள்ள வந்து அந்தாளு அவனுங்களப் பேசின பேச்ச நீ கேட்டிருக்கணும்."

அப்படியானால் தாத்தாவிடம் இருந்தது பணிவா? நிமிர முடிந்தவன் தானாகக் குனிந்தால் அதைப் பணிவு என்று சொல்லலாம். நிமிர்ந்தால் அடி விழும் என்று தெரிந்து குனிந்தவனுடைய முதுகைப் பார்த்துவிட்டு அவன் மனசுக்குப் பெயர் வைப்பது எப்படி? அந்தப் பெயரும் குனிய வைத்தவன் வைத்த பெயர். கொடுக்காத கூலிக்குப் பதிலாகக் கொடுத்த பாராட்டு அது.

இது ஊர்த்தெரு விவகாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பெரியபுராணத்துக்குச் சேக்கிழார் வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம். தொண்டு என்ற சொல்லுக்கு அடிமைத்தனம் என்றும் ஒரு பழைய பொருள் உண்டு. அந்தத் தொண்டர் வரிசையில் நம் ஆள் நந்தன். கோயில் முரசுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவன். அவன் கொடுத்த தோல் உள்ளே போய் முழங்கியது. அவன் உள்ளே போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. மற்ற தொண்டர்களும் கஷ்டப்பட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன். பிறப்பைச் சுட்டுப் போக்கிவிட்டு வா என்று வேறு யாரிடம் கேட்டார்கள்?

அதே சிதம்பரத்தில், அதே நந்தனார் பெயரில், 1916இல் சுவாமி சகஜானந்தர் கல்விக் கழகம் தொடங்கினார். ஆரணிப் பக்கம் மேல்புதுப்பாக்கத்துச் சேரியில் பிறந்த துறவி. காவி கட்டியவர், சட்டமன்றத்திலும் உட்கார்ந்தவர். அவர் செய்ததும் தொண்டுதான். ஆனால் அந்தத் தொண்டு எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதைக் கவனியுங்கள். வாசலில் எரிந்தவனின் பெயரால் சேரிப் பிள்ளைகளுக்குப் பலகையும் பல்பமும் சோறும் போட்டது அது.

காந்தி 1936இல் 'ஹரிஜன்' இதழில் லட்சியத் தோட்டி எப்படி இருக்கணும் என்று எழுதினார். மலம் அள்ளுவது புனிதமான கடமை என்கிற போக்கில் போகிற கட்டுரை. அவரும் கழிவறை கழுவினார், நிஜம்தான். ஆனால் வேண்டாம் என்றால் அவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம். நாலு வருஷம் முன்னால், 1932 நவம்பரில், தீண்டாமை ஒழிப்பு அமைப்பின் செயலாளர் தக்கருக்கு அம்பேத்கர் கப்பலிலிருந்தே ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தனி ஆளின் ஒழுக்கத்தைத் திருத்துகிற வேலையை விடுங்கள், கிணறு, பள்ளிக்கூடம், சாவடி என்று உரிமைக்குப் போராடுங்கள், ஊழியர்களை அந்த மக்களிலிருந்தே எடுங்கள் என்பது அதன் சாரம். பின்னாளில் அந்த அமைப்பு வைத்துக்கொண்ட பெயர் ஹரிஜன சேவக் சங்கம்.

இதற்கு நேர்மாறாகவும் ஒருவர் நடந்தார். 1968 பிப்ரவரி 4 அன்று அட்லாண்டா தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங், பெரியவனாக ஆசைப்பட்டால் சேவை செய், அது யாராலும் முடியும் என்று பிரசங்கம் செய்தார். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் மெம்பிஸ் நகரத்தில் குப்பை லாரி நசுக்கி இரண்டு கறுப்புத் தொழிலாளிகள் செத்திருந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் தூக்கிய அட்டையில் இருந்தது 'நான் மனிதன்'. கிங் அவர்களிடம் போய்த் துப்புரவுத் தொழிலின் புனிதத்தைப் போதிக்கவில்லை. கூலிக்கும் சங்கத்துக்கும் அவர்களோடு நின்றார். ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுடப்பட்டார்.

இனி நம் கதைக்கு வருகிறேன். எங்கள் சேரியில் ஊர்த்தெருச் சாவுக்குக் குழி வெட்டுவதில்லை, தண்டோரா போடுவதில்லை என்று முடிவு செய்து வருஷங்கள் ஆகின்றன. (தண்டோராவை நிறுத்தச் சொல்லித் தமிழகத் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். நாங்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.) அதற்குப் பிறகுதான் நிஜமான சிக்கல் வந்தது. எங்கள் தெருவிலேயே ஒரு கிழவி செத்துப்போனாள். குழி யார் வெட்டுவது? கடப்பாரையைத் தொடமாட்டோம் என்று பையன்கள் ஒதுங்கி நின்றார்கள். "சேவ, தொண்டுன்னு எவனாவது பேசினா பத்திக்கினு வருது" என்றான் ஒருத்தன். அவன் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு.

அப்போது ஒருவர் யோசனை சொன்னார்: "அருந்ததியர் தெருவுல சொன்னா ரெண்டு பேரு வருவாங்க. ஐநூறு குடுத்துடலாம்." ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். செத்தவளின் தங்கச்சிதான் எழுந்தது: "உங்க தலையில இருந்தத எடுத்து அவங்க தலையில வெக்கவா இம்மாம் நாளு கூட்டம் போட்டீங்க? எங்கக்காள நானே பொதைக்கிறேன், கடப்பாரையக் குடு."

அன்றைக்கு எட்டுப் பேர் சேர்ந்து குழி வெட்டினோம். அடுத்த வாரம் வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை போட்டோம். வாத்தியார் வீடும் உண்டு, போலீஸ்காரர் வீடும் உண்டு. எல்லாருக்கும் முறை வருகிற வேலையில் எவனுக்கும் தலைகுனிவு இல்லை என்பதைக் கையில் கொப்புளம் போட்டபோதுதான் உணர்ந்தேன். எங்கக்காளை நானே புதைக்கிறேன் என்று அந்தம்மா நின்றதுதான் நான் நேரில் பார்த்த தொண்டு. அந்தம்மா யாருக்கும் குனியவில்லை.

பாங்க்கில் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன் மட்டும் தன் முறைக்கு வராமல் பணம் கொடுத்தனுப்பினான். லீவு கிடைக்கலயாம். அந்தப் பணத்தை வாங்கலாமா என்று கூட்டத்தில் இரண்டு மணி நேரம் சண்டை. வாங்கினால் அதைக் கூலியாக எடுத்துக்கொண்டு போகிறவன் மறுபடியும் வெட்டியான் ஆகிறான் என்றேன். வீட்டில் நோயாளி இருக்கிறவன் என்ன செய்வான் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. முடிவில் அவன் பணத்தைத் திருப்பி அனுப்பினோம். அவன் பெயர் பட்டியலில் இன்னும் இருக்கிறது, அடுத்த முறை அவனுடையது.