மௌனமும் சம்மதமும்

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பர். பாலமுனையிலிருந்து கல்முனைக்குச் சென்று கைப்பேசி வாங்கும் ஒருவர், எந்த உலாவியைத் திறப்பது, எந்தத் தேடுபொறியில் தேடுவது எனத் தீர்மானிப்பதில்லை. அத்தீர்மானம் கருவியுடனேயே வந்துவிடுகின்றது. அதனை மாற்றாதிருப்பதனால் மட்டும் அவர் அதைத் தெரிவு செய்தவர் ஆவாரா?

ஆம் என்போர், மாற்றும் வழி திறந்தே உள்ளது என வாதிப்பர். ஐபோனில் உலாவியையும் மின்னஞ்சற் செயலியையும் மாற்றும் வசதி 2020 இலேயே வந்தது. அதற்கு முன்னர் அவ்வழியும் இருக்கவில்லை. வாதத்தை ஏற்போம். ஆயின், கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் முதற் தேடுபொறியாக அமர்வதற்கென 2021 ஆம் ஆண்டில் மாத்திரம் கூகிள் நிறுவனம் 2,630 கோடி அமெரிக்க டொலரைப் பிற நிறுவனங்களுக்கு வழங்கியமை அமெரிக்க நீதிமன்றில் வெளிப்பட்டதே! மாற்றுவது அத்துணை எளிதெனின், மாற்றாமைக்கு இத்துணை விலை எதற்கு? நமது மௌனத்தை ஒருவர் விற்க, மற்றொருவர் வாங்குகின்றார். (அதில் நமக்குப் பங்கில்லை என்பது வேறு விடயம்.)

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 மார்ச் முதல், பட்டியலொன்றைக் காட்டிப் பயனரையே கேட்குமாறு பணித்துள்ளது. கேட்கப்பட்டவர் பழையதையே தொட்டாலும், தொட்டவர் அவரே. கேட்கப்படாதவரின் மௌனத்தைச் சம்மதமெனக் கொள்வது அநீதி என்பேன். ஆனால், இவ்வளவும் அறிந்த பின்னரும் ‘அமைப்புகள்’ பக்கத்தை ஒருமுறையேனும் திறந்து பாராத பல்கலைக்கழக மாணவனுக்கு அச்சலுகையை வழங்க எனக்கு மனம் வரவில்லை.