அத்தையின் மாத்திரைத் தட்டு

கிள்ளையில் அத்தை வீட்டுக்குப் போனால் டீக்கு முன்பே ஓர் எவர்சில்வர் தட்டு வந்துவிடும். பலகாரம் என்று கையை நீட்டினால் ஏமாற்றம்தான். தட்டு நிறைய மாத்திரை அட்டைகள். "தம்பி, இதுல எது எதுக்குன்னு ஒரு தரம் சொல்லிட்டுப் போ" என்பார். நான் டாக்டர் இல்லை அத்தை, மருத்துவம் பற்றி எழுதுகிறவன் மட்டும்தான் என்றால், "எழுதத் தெரிஞ்சவனுக்குப் படிக்கத் தெரியாதா?" என்று பதில் வரும்.

அத்தைக்கு 58 வயது. பத்து வருஷமாக இரண்டு முழங்காலிலும் தேய்மானம். 108 கிலோ எடை, கூடவே சர்க்கரை. ஒன்றரை வருஷம் முன்பு புதுச்சேரிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டார். இப்போது 79 கிலோ. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போதெல்லாம் திண்ணையோடு நின்றுவிட்டவர், இந்த வருஷம் கூட்டத்தோடு நடந்து போய்ச் சேவித்துவிட்டு வந்தார். ஆனாலும் வலி முழுசாக விடவில்லை. "இருபத்தொம்பது கிலோவ எறக்கி வச்சிட்டேன், இன்னும் காலு கேக்க மாட்டேங்குது" என்பதுதான் அவர் புலம்பல்.

கணக்குப்படி கால் நிறையவே கேட்டிருக்கிறது. நடக்கும்போது முழங்காலில் விழுகிற பாரம் உடம்பின் எடையோடு நிற்பதில்லை. தொடைத் தசைகள் இழுத்துப் பிடிக்கிற விசையும் அதோடு சேர்கிறது. அமெரிக்காவில் ஸ்டீபன் மெஸ்ஸியர் குழுவினர், மூட்டுத் தேய்மானமும் பருமனும் உள்ளவர்களை நடக்கவிட்டு அளந்து 2005இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது. அத்தை விஷயத்தில் அது அடிக்கு நூறு கிலோவுக்கும் மேல். ஆனால் தேய்ந்துபோன குருத்தெலும்பு, பாரம் குறைந்ததும் திரும்ப முளைத்துவிடாது. ஆகவே மிச்ச வலி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அந்த மிச்சம் முழுவதும் முழங்காலுடையதுதானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அதற்குப் போகுமுன் தட்டில் இருந்த ஓர் அட்டையை முதலில் எடுத்து வெளியே வைக்க வேண்டியிருந்தது.

பாதி தீர்ந்த அட்டை. பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தாளாம். "பாரசிட்டமால்தான் தம்பி, பேரே போட்டிருக்கு பாரு." போட்டிருந்தது உண்மை. அந்தப் பெயருக்கு மேலேயே, அதே பொடி எழுத்தில், ஏசிக்ளோஃபெனாக் 100 மி.கி. என்றும் போட்டிருந்தது. பாரசிட்டமால் 325 இரண்டாவதுதான். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் "மூட்டு வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இந்த ஜோடி மாத்திரைதான். பைபாஸ் செய்தவர் தொடக்கூடாதது இதில் முதல் ஆள்.

ஏன் என்பதற்கு அறுவையைப் புரிந்துகொள்ள வேண்டும். 1966இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்டு மேசன் தொடங்கி வைத்தது, பிறகு பலர் கையில் மாறி இன்றைய வடிவத்துக்கு வந்தது. இரைப்பையின் மேல் முனையில் ஏறக்குறைய 30 மில்லி பிடிக்கிற ஒரு குட்டிப் பையை மட்டும் பிரித்துக்கொண்டு, சிறுகுடலை வெட்டி மேலே இழுத்து அதோடு தைத்துவிடுகிறார்கள். பழைய இரைப்பை உள்ளேயேதான் இருக்கும், சாப்பாடு மட்டும் அந்தப் பக்கம் போகாது. சிதம்பரத்துக்குப் புறவழிச்சாலை போட்டதும் ஊருக்குள் கடைகள் திறந்திருக்க, வெளியூர் வண்டிகள் எட்டிப் பார்க்காமல் போகிற மாதிரி.

தையல் விழுந்த இடத்தில்தான் தொல்லை. குட்டிப் பையிலும் கொஞ்சம் அமிலம் சுரக்கும். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்குகிற உள்பூச்சு உண்டு. அங்கே கொண்டுவந்து ஒட்டிய சிறுகுடலுக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது. உள்பூச்சைக் காத்து வருவது புரோஸ்டாகிளாண்டின் என்கிற சுரப்பு. வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவதிலும் அதே வகைச் சுரப்புக்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் இதன் உற்பத்தியை நிறுத்தித்தான் வலியைக் குறைக்கின்றன என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஏசிக்ளோஃபெனாக் எல்லாம் அதே குடும்பம். மூட்டில் வலியை அணைக்கிற கையோடு வயிற்றில் காவலையும் எடுத்துவிடுகின்றன. தையல் ஓரத்தில் புண் வரும். சிலருக்கு ரத்தம் கசியும், சிலருக்கு ஓட்டையே விழும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம்.

"அப்ப ஊசியா போட்டுக்கிறேன், வயித்துக்கே போகாதுல்ல?" என்றார் அத்தை. இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மாத்திரை வயிற்றில் உட்கார்ந்து அரிப்பது சேதத்தில் ஒரு சிறு பகுதிதான். பெரிய பங்கு ரத்தத்தின் வழியாக நடக்கிறது. இடுப்பில் போட்டாலும் ரத்தம் தையலுக்குப் போய்ச் சேரும். கூடவே ஒரு கேஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்பதும் அரைகுறை நம்பிக்கை. அது அமிலத்தைக் குறைக்கும், போன காவலைத் திரும்பக் கொண்டுவராது. இரைப்பையில் ஐந்தில் நாலு பங்கை வெட்டி எடுத்துவிடுகிற ஸ்லீவ் அறுவையில் இப்படிப்பட்ட குடல் தையல் இல்லை. அங்கே தடை அவ்வளவு கண்டிப்பில்லை என்றாலும், அறுவை செய்த டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

சரி, எதைப் போடுவது? வெறும் பாரசிட்டமால். எல்லோருக்கும் தெரிந்த 650ஐ ஒரு நாளைக்கு நாலு வேளை போட்டாலும் 2600 மி.கி. ஆகிறது, 4000 மி.கி. என்ற உச்ச வரம்புக்குள் இருக்கிறோம், கல்லீரல் சரியாக இருந்தால். சளி மாத்திரைக்குள்ளும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முழங்கால் மேல் தடவுகிற டைக்ளோஃபெனாக் ஜெல்லில் ரத்தத்துக்குப் போவது, மாத்திரையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஆறு பங்குபோலத்தான். அதனால் பல டாக்டர்கள் அதை அனுமதிக்கிறார்கள். நொச்சி இலை ஒத்தடத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குகிற பயிற்சியை மட்டும் அத்தை சாக்கு சொல்லித் தள்ளிப்போடுகிறார். எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் இறங்கிவிடுகிறது. தொடைத் தசை மெலிந்தால் முழங்காலைத் தாங்க ஆளில்லை. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்று அறுவைக்காரர்கள் வற்புறுத்துவதும் இதற்காகத்தான்.

இனி அந்த மிச்ச வலி. எங்கே வலிக்கிறது, கையால் தொட்டுக் காட்டுங்கள் என்றேன். முழங்காலைத் தொட்டார். கை அங்கே நிற்காமல் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு, இடுப்பு, முதுகின் அடி என்று நகர்ந்தது. முன்னெலும்பை விரலால் அழுத்தியபோது முகம் சுளித்தது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லையாம். இது மூட்டின் வலி மாதிரி தெரியவில்லை, எலும்பின் வலி மாதிரி இருந்தது. போய் வைட்டமின் டி பாருங்கள் என்றேன். 11 என்று வந்தது. 30க்கு மேல் இருக்க வேண்டும் என்பது எடைக்குறைப்பு அறுவைக்கான வழிகாட்டுதல்.

பிச்சாவரம் வெயிலில் நிற்கிற ஊருக்கு வைட்டமின் டி குறைவா என்று அத்தைக்கு ஒரே ஆச்சரியம். வெயில் வெளியே இருக்கிறது, அவர் வீட்டுக்குள் இருக்கிறார். மாத்திரையாகச் சாப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. இது கொழுப்பில் கரைகிற வைட்டமின். பைபாஸுக்குப் பிறகு பித்தநீரும் சாப்பாடும் குடலில் வெகுதூரம் கீழேதான் சந்திக்கின்றன, அதனால் உறிஞ்சுவது குறைகிறது. டி குறைந்தால் கால்சியம் உள்ளே வராது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் அவை பொறுக்காது, எலும்பிலிருந்து எடுத்துச் சமன் செய்துவிடும். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று காகிதம் சொல்லும். எலும்பு உள்ளுக்குள் மெலிந்துகொண்டிருக்கும். இந்த வலிக்கு வலி மாத்திரை போடுவது பயிருக்குத் தண்ணீர் விடாமல் பூச்சி மருந்து அடிக்கிற கதை.

வாரம் ஒன்றாக 60,000 யூனிட் மாத்திரையை எட்டு வாரத்துக்கு டாக்டர் எழுதினார். பிறகு தினம் 3000. பெரிய மாத்திரை நல்லது செய்கிறது என்று வருஷக்கணக்கில் வாரா வாரம் விழுங்குகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். டி அதிகமானால் சிறுநீரகத்துக்குக் கேடு.

அத்தையின் இரண்டாவது புகார் பாதம். "எரியுது தம்பி, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு. வாதம் கீழ எறங்கிடுச்சு." வாதம் இறங்கவில்லை, பி12 இறங்கியிருக்கலாம். பாஸ்டனில் வில்லியம் கேசில் என்ற டாக்டர் 1920களின் கடைசியில் செய்த சோதனை கொஞ்சம் அருவருப்பானது. கடுஞ்சோகை வந்தவர்களுக்கு மாட்டிறைச்சி கொடுத்துப் பலனில்லை. தானே இறைச்சியைத் தின்று, ஒரு மணி நேரம் கழித்துத் தன் வயிற்றிலிருந்து அதை வெளியே எடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார், ரத்தம் ஊறியது. இரைப்பை ஏதோ ஒன்றைச் சுரக்கிறது, அது இல்லாமல் இறைச்சியில் இருக்கும் சத்து உடம்பில் சேராது என்று தெரிந்தது. அந்தச் சத்துதான் பி12. அத்தையின் பழைய இரைப்பை உள்ளே இருந்தும் சாப்பாட்டைச் சந்திப்பதில்லை. குட்டிப் பையில் அமிலமும் போதாது. சர்க்கரைக்கு எடுக்கிற மெட்ஃபார்மினும், கேஸுக்குப் போடுகிற பான்டோபிரசோலும் பி12ஐ இன்னும் குறைக்கும். கல்லீரலில் இருப்பு இருப்பதால் உடனே தெரியாது. ஒன்று இரண்டு வருஷம் கழித்து மெதுவாகக் காட்டும். அதற்குள் எல்லோரும் அறுவையை மறந்திருப்பார்கள்.

மீன் சாப்பிட்டால் போதாதா என்றால், வழி அடைத்த பிறகு மத்தியாக இருந்தாலும் நண்டாக இருந்தாலும் பி12 வந்து சேர்வது சொற்பம். இரைப்பையின் உதவி இல்லாமலே நூற்றில் ஒரு பங்குபோல குடல் தானாக உறிஞ்சும். அதனால்தான் 1000 மைக்ரோகிராம் மாத்திரை. இல்லாவிட்டால் மாதம் ஓர் ஊசி.

தட்டில் ஃபோலிக் அமில அட்டையும் இருந்தது. அதற்கு நம்மூர்ச் சம்பந்தம் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாயிலும் குன்னூரிலும், 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாற்றில் அதற்கு மருந்து இருக்கிறது என்று கண்டார். அந்த மருந்துக்குத்தான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. நல்ல மாத்திரைதான், ஆனால் பி12 குறைந்தவருக்கு இதை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ஹீமோகுளோபின் ஏறிவிட்டதே என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது பாதம் மரத்துவிடும்.

இன்னொன்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இதில்தான் உயிர் ஆபத்து. அறுவை ஆன முதல் சில மாதங்களில் வாந்தி வாரக்கணக்கில் நிற்காவிட்டால் தயமின் என்கிற பி1 தீர்ந்துவிடும். பெரிபெரி நோய் இந்தக் குறைதான். தீட்டிய பச்சரிசி தின்ற வடசர்க்கார் மாவட்டங்களில் அது வந்தபோது, புழுங்கல் அரிசி தின்ற தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆனால் வாந்தி எடுப்பவருக்குப் புழுங்கல் சோறும் தங்காது. நாம் என்ன செய்வோம்? "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திட்டு வா." தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து மூளையைத் தாக்கும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் பைபாஸ் செய்தவர் என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

மூட்டு வலியிலும் வேறு ரகங்கள் உண்டு. திடீரென்று ராத்திரியில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே வலித்தால் அது யூரிக் அமிலம். எடை வேகமாக இறங்கும்போது சிலருக்கு வரும். அன்றைக்கு இறால், நண்டுக்கு விடுமுறை. கை விரல் மூட்டுகள் காலையில் ஒரு மணி நேரம் விறைத்துக் கிடந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம், வேறு டாக்டர், வேறு மருந்து.

கடைசியில் அத்தையின் கால்சியம் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கால்சியம் கார்பனேட் 1250 மி.கி., அதாவது கால்சியம் 500 மி.கி. கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். அத்தையிடம் அது குறைவு. சிட்ரேட் வகைக்கு அமிலம் வேண்டாம். ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி. வேண்டும், ஆனால் ஒரு வேளைக்கு 500, 600க்கு மேல் உடம்பு வாங்காது. அத்தையோ மூன்று கால்சியத்தையும் ஓர் இரும்பு மாத்திரையையும் காலையில் ஒன்றாக விழுங்கி, மேலே ஒரு டம்ளர் டீ குடித்து முடித்துவிடுவார். கால்சியம் இரும்பைத் தடுக்கும். டீயின் துவர்ப்பும் தடுக்கும். இவ்வளவு மாத்திரை தின்றும், இரும்பு இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் ஏறாததற்கு டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். தார் மாதிரி ஒட்டி, நாற்றமடித்தால் அது ரத்தம், அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றும் சொன்னேன்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன், டாக்டரிடம் காட்டிவிட்டு ஒட்டிக்கொள்ளச் சொல்லி. காலை ஏழுக்கு இரும்பு, எலுமிச்சைச் சாற்றோடு. பதினொன்றுக்கு ஒரு கால்சியம், ஆறுக்கு ஒன்று, படுக்கப் போகையில் ஒன்று. பி12 எப்போது வேண்டுமானாலும். பக்கத்து வீட்டு அட்டையை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அத்தை தாளை மேலும் கீழும் பார்த்தார். "டீ எங்கப்பா?"

"நாலு மணிக்கு."

மணி அப்போது எட்டு. தன் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அப்ப இதையும் நீயே குடி" என்றார்.